கேப்பர் மலையில் வெள்ளம் ஏறாது, சரி. சிறைக்குப் பேரிடர்த் திட்டம் வேண்டாமா?

05.12.2024, காலை 8.10 (கேள்வி)

பெஞ்சல் புயலில் பாண்டியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. அதை அடுத்து சாத்தனூர் அணையில் நள்ளிரவுக்கு மேல் 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டு, தென்பெண்ணை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்களைப் பார்க்கவே ஆள் இல்லை. இந்த நேரத்தில் சிறைகளுக்கும் தனியாகப் பேரிடர்த் திட்டம் வேண்டும் என்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். கடலூர் மத்திய சிறை கேப்பர் மலை மேட்டில் இருக்கிறது. கனமான சுவர். உள்ளே இருப்பவனுக்கு வேளா வேளைக்குச் சோறு. கைதி தப்பாமல் பார்த்துக்கொண்டால் போதாதா? இதில் திட்டம் போட என்ன இருக்கிறது?

05.12.2024, மதியம் 1.30

வீட்டுக்குள் ஆறு வந்தவர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் கேள்வியில் ஒரு பாதிதான் சரி.

நான் பொதுப்பணித் துறை மின்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கோர்ட், ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி, சிறை என்று அரசுக் கட்டடங்களுக்கு ஏணியும் டெஸ்டருமாகப் போய் வந்த ஆள். சிறைத் துறைக்காரன் இல்லை. எந்தச் சிறையில் எது பழுதாகிக் கிடந்தது என்று பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

கேப்பர் மலையில் வெள்ளம் ஏறாது என்பது உண்மை. குடிதண்ணீரும் அங்கே தானாக ஏறாது, மோட்டார்தான் ஏற்ற வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. டவுனுக்குள் கரண்ட் வரவே நாள் கணக்கு, கிராமங்களில் வாரக் கணக்கு. பலாவும் முந்திரியும் போனதைத்தான் எல்லாரும் பேசினோம். எனக்கு அந்த வாரத்தில் மனத்தில் நின்றது வாடகை ஜெனரேட்டர்தான். டிராக்டரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று மோட்டார் ஓட்டினார்கள். வெளியே இருக்கிறவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த டிராக்டர் பின்னால் போகலாம். உள்ளே இருக்கிறவன் எங்கே போவான்?

மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு, 2016-ல் வந்தது, ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று சொல்கிறது. 1,000 பேர் இருக்கும் சிறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,35,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பதினோரு நடைக்கு மேல், தினமும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று குறைத்தாலும், கக்கூஸுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாத பிளாக்கில் இரண்டாம் நாள் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

05.12.2024, மாலை 6.15

லாரி பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். சிறையின் பிரதான வாசல் என்பது ஒரு கதவு இல்லை, இரண்டு. வெளிக்கதவு திறந்திருந்தால் உள்கதவு மூடியிருக்கும், உள்கதவு திறந்தால் வெளிக்கதவு மூடும். நடுவில் வண்டியை நிறுத்திச் சோதனை. சரிதான், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இப்போதைய தண்ணீர் லாரியும் தீயணைப்பு வண்டியும் அந்த இரண்டு கதவுக்கு நடுவே நீளத்தில் அடங்குமா? வெள்ளைக்காரன் கட்டிய வளைவுக்குக் கீழே உயரத்தில் நுழையுமா? கடலூர் மத்திய சிறை 1865-ல் தொடங்கியது. அன்றைக்குப் போனது மாட்டு வண்டி. எந்தப் பழைய சிறையானாலும் டேப் எடுத்துப் போய் ஒருதரம் அளந்து பார்த்தால் போதும். வண்டி போகாது என்றால் வெளியே நின்றபடி உள்ளே தண்ணீர் ஏற்ற சுவரில் ஒரு குழாய் இணைப்பு வைக்கலாம். பெரிய செலவில்லை.

06.12.2024, காலை 7.00

"கருங்கல் சுவர் எரியாது" என்று கீழே ஒரு நண்பர். சுவர் எரியாது. போர்வை எரியும், பாய் எரியும், பிளாஸ்டிக் குடம் எரியும், கைதி கைப்பட இழுத்த ஒயர் எரியும். சிறைத் தீயில் ஆள் சாவது பெரும்பாலும் நெருப்பால் இல்லை, புகையால். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

2012 பிப்ரவரி 14 இரவு, ஹோண்டுராஸ் நாட்டில் கொமயாகுவா சிறையில் தீ. 350-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பூட்டிய கூடங்களுக்குள் கிடந்து, சாவி வராமல் செத்தார்கள். பாதிக்கு மேல் தண்டனையே பெறாதவர்கள். அவ்வளவு தூரம் எதற்குப் போவானேன்? நம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6. மனநலம் பாதிக்கப்பட்ட 28 பேர். கொட்டகை எரிந்தபோது ஓட முடியவில்லை, காலில் சங்கிலி. அது சிறை இல்லை, ஆனால் ஒரு மனிதனைக் கட்டிவைத்தவனுக்கு அவிழ்த்துவிடும் பொறுப்பும் உண்டு என்பது ஏர்வாடிக்கும் சிறைக்கும் பொது.

சாவிக்கு வருகிறேன். மாலை லாக்கப், அதாவது எல்லாரையும் செல்லுக்குள் பூட்டுவது, முடிந்ததும் கணக்கு எடுத்து, சாவிக் கொத்துகள் வாசல் பக்கத்தில் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். நான் போன ஒரு சிறையில் விளக்குப் பழுது பார்க்க இரவு ஒரு பிளாக்கைத் திறக்க வேண்டியிருந்தது. வார்டர் (சிறைக் காவலர்) கொத்தைக் கொண்டுவந்தார். வளையம் நிறையச் சாவி, எல்லாம் ஒரே மாதிரி. எண் பொறித்த இடம் தேய்ந்து போயிருந்தது. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவசரமே இல்லாத இரவு அது, புகையும் இல்லை. அப்படியும் நான் ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம் ஆனது. (அப்போது குடிப்பேன்.)

கணக்குப் போடுங்கள். ஒரு பிளாக்கில் 40 செல். சரியான சாவி உடனே கிடைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு பூட்டுக்கு 20 விநாடி என்றாலும் 13 நிமிடம். வெளிநாட்டுச் சிறைகளில் இதற்கென்றே தனி அவசரச் சாவிக் கொத்து வைத்திருக்கிறார்கள். பிளாக்குக்கு ஒரு நிறம், அதோடு சாவியின் தலையில் அரத்தால் வெட்டு. ஒரு வெட்டு என்றால் முதல் பிளாக், இரண்டு வெட்டு என்றால் இரண்டாவது. புகையில் கண் தெரியாவிட்டாலும் விரல் தடவிச் சொல்லிவிடும். இதற்கு டெண்டர் விட வேண்டாம், கமிட்டி வேண்டாம். ஒரு அரம் போதும்.

06.12.2024, இரவு 10.20

"கொலைகாரனுக்கு இவ்வளவு யோசனையா" என்று இருவர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாடு முழுக்கச் சிறையில் இருந்தவர்கள் 5,73,220. இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. இருந்தவர்களில் நூற்றுக்கு 75.8 பேர் விசாரணைக் கைதிகள். வழக்கு முடியாதவர்கள். நாளைக்கு விடுதலையாகி உங்கள் தெருவில் டீ குடிக்கப் போகிறவர்கள். கொலைகாரனே ஆனாலும் கோர்ட் போட்டது ஜெயில் தண்டனை, புகையில் சாகும் தண்டனை இல்லை. இதற்கு மேல் இந்த வாதத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

07.12.2024, காலை 9.45

நேற்று ஒருவர் ஜெனரேட்டர் இருக்கும்போது என்ன கவலை என்று கேட்டிருந்தார். இதுதான் என் பேட்டை, கொஞ்சம் நீளும்.

ஜெனரேட்டர் இருப்பது வேறு, ஓடுவது வேறு. அரசுக் கட்டடங்களில் செட் வாங்கும்போது ஒரு லோடு கணக்கு போடுவார்கள். அப்புறம் கேமரா வரும், ஜாமர் வரும், ஸ்கேனர் வரும், ஆர்ஓ பிளாண்ட் வரும், வீடியோ கான்ஃபரன்ஸ் அறைக்கு ஏசி வரும். செட் மட்டும் அதே செட். சுமை ஏறி டிரிப் ஆனால் முதலில் இருளில் விழுவது எது என்று யாரும் உட்கார்ந்து பிரித்து வைத்திருக்க மாட்டார்கள். நான் வைத்தால் வரிசை இப்படித்தான் இருக்கும்: பிளாக் விளக்கு, சுற்றுச்சுவர் விளக்கு, தண்ணீர் மோட்டார், ஆஸ்பத்திரி, வயர்லெஸ். ஏசி கடைசி. சூப்பிரண்டு அறையின் ஏசி கடைசிக்கும் கடைசி. (இதைச் சொல்லி ஒரு இடத்தில் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.)

62.5 கேவிஏ செட் முழுச் சுமையில் ஓடினால் மணிக்குப் பதிமூன்று, பதினாலு லிட்டர் டீசல். ஒரு நாளைக்கு 300 லிட்டருக்கு மேல். தானே போன்ற புயலில் பங்கிலும் கரண்ட் இருக்காது, பம்ப் ஓடாது, ரோட்டில் மரம். மூன்று நாள் டீசல் கையில் இல்லாத ஜெனரேட்டரை நம்புவதும் ஒன்று, மெழுகுவர்த்தியை நம்புவதும் ஒன்று. 2005-ல் கத்ரீனா சூறாவளியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சிறையில் நடந்தது இதுதான். ஜெனரேட்டர் நின்றது, இருட்டு, நெஞ்சளவு தண்ணீர். காவலர்கள் பலர் போய்விட்டார்கள், கைதிகள் சோறு தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் கிடந்தார்கள். பணக்கார நாடு. இடமில்லை, காசில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. கைதிகளை வெளியேற்றுவது பற்றி முன்கூட்டியே யாரும் உருப்படியாக யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அபாயச் சங்கு. ஒரு சிறையில் அதை நான் சோதித்தபோது அது மெயின் லைனில் இருந்தது, பேட்டரி கிடையாது. அதாவது கரண்ட் போனால் சங்கும் போச்சு. எந்த நேரத்தில் அது ஊத வேண்டுமோ அந்த நேரத்தில் ஊதாது. எழுதிக் கொடுத்தேன். மதிப்பீடு போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. நான் மாற்றலாகி வந்துவிட்டேன். இப்போது எப்படி என்று தெரியாமல் எழுதக் கூடாது, அதனால் இதோடு விடுகிறேன்.

இன்னொன்று, திருட்டு ஒயர். செல்போன் பிடிபட்டது என்று பேப்பரில் வாரம் ஒரு செய்தி வருகிறது, அது பாண்டியின் சிறை இருக்கும் காலாப்பட்டானாலும் சரி, கடலூரானாலும் சரி. போன் இருந்தால் சார்ஜ் வேண்டும். ஃபேனில் இருந்தோ டியூப்லைட்டில் இருந்தோ ஒயர் இழுப்பார்கள். சோதனை வரும்போது அவசரமாகப் பிடுங்குவார்கள். இன்சுலேஷன் உரிந்த அந்த நுனி அப்படியே நிற்கும். நான் பார்த்த தீய்ந்த சுவிட்சுப் பெட்டிகளில் பாதி அந்த வகை. போனைத் தேடுகிற சோதனையில் ஒரு வயர்மேனையும் கூட்டிப் போனால், பாதுகாப்புச் சோதனையும் தீத் தடுப்புச் சோதனையும் ஒரே நடையில் முடியும்.

08.12.2024, மாலை 4.00

"கலவரத்தைப் பற்றிப் பேசாமல் மோட்டாரைப் பற்றியே பேசுகிறீர்களே" என்கிறார் காலாப்பட்டு நண்பர். பேசலாம். ஆனால் கலவரம் வானத்தில் இருந்து விழுவதில்லை.

சென்னை மத்திய சிறை, 1999 நவம்பர் 17. ஒரு கைதி இறந்த செய்தி உள்ளே பரவியது. எப்படி இறந்தார் என்பதை யாரும் முறையாகச் சொல்லும் முன்னே வதந்தி பிளாக் பிளாக்காகப் போய்விட்டது. துணை ஜெயிலர் ஒருவரை எரித்துக் கொன்றார்கள். போலீஸ் சுட்டதில் கைதிகள் பலர் செத்தார்கள். அந்தச் சிறையே இப்போது இல்லை, புழலுக்குப் போய்விட்டது. 2020 மார்ச்சில் இத்தாலியில் கொரோனாவுக்காகக் குடும்பத்தார் சந்திப்பை நிறுத்தினார்கள். பல சிறைகளில் ஒரே நேரத்தில் கலவரம், 13 கைதிகள் சாவு. அதே மாதம் 21-ம் தேதி கொல்கத்தா டம்டம் சிறையிலும் தீ வைப்பு, மோதல். அங்கேயும் மனு பார்ப்பதை (குடும்பத்தார் சந்திப்பைச் சிறையில் அப்படித்தான் சொல்வார்கள்) நிறுத்தியிருந்தார்கள், கோர்ட்டும் நின்றிருந்தது.

தமிழ்நாட்டிலும் மனு நின்றது. ஆனால் இங்கே சீக்கிரமே வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாநிலத்திலும் உயர்மட்டக் குழு அமைத்து, ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் கைதிகளை இடைக்கால ஜாமீனிலோ பரோலிலோ விடுவது பற்றி முடிவு செய்யச் சொன்னது. உள்ளே இருப்பவனுக்கு நோயை விடப் பெரிய பயம், வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது. புயல் அடித்த மறுநாள் கேப்பர் மலையில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக்காரனுக்குக் குப்பத்தில் என்ன ஆனது என்று யார் சொல்வார்கள்? சுனாமி அன்றைக்கு, 2004 டிசம்பர் 26, இந்தக் கேள்வி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு ஒரு பட்டியல் வாங்கி பிளாக் வாரியாகப் படித்துக் காட்டினால் போதும். அதுவும் நெருக்கடி மேலாண்மைதான், லத்தி மட்டும் இல்லை.

முன்னறிகுறி பற்றி அனுபவப்பட்ட ஒரு தலைமை வார்டர் சொன்னார். கேன்டீனில் பிஸ்கட்டும் மிக்சரும் வழக்கத்தை விட நிறையப் போகும். சாப்பாட்டில் மீதம் விழும், அல்லது யாரும் குறையே சொல்ல மாட்டார்கள். செல் மாற்றிக் கொடுங்கள் என்று நாலைந்து பேர் காரணம் சொல்லாமல் கேட்பார்கள். வீட்டுக்காரர்களை இந்த வாரம் வர வேண்டாம் என்பார்கள். "சத்தம் போட்டால் நான் தூங்குவேன் சார், சத்தமே இல்லையென்றால் தூங்க மாட்டேன்" என்றார். மற்ற நாடுகளில் காவலர் பயிற்சியில் கற்றுத் தருவதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

பணயக்கைதி விஷயத்தில் அங்கே ஒரு விதி உண்டு. பிடிபட்ட அதிகாரி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த நிமிடத்தில் இருந்து அவருக்கு அதிகாரம் கிடையாது. கழுத்தில் கத்தியோடு "கேட்டைத் திற" என்று சூப்பிரண்டே சொன்னாலும் திறக்கக் கூடாது. இதை வாசலில் நிற்கிற புது வார்டருக்கு முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்கவிட்டால் அவன் என்ன செய்வான், பாவம்.

08.12.2024, இரவு 9.10

சிறை என்றதும் பாரதியை இழுக்காமல் கடலூர்க்காரன் பேச மாட்டான் என்று கிண்டல். இழுக்கிறேன், போங்கள். 1918 நவம்பர் 20-ல் பாண்டியை விட்டு வந்தவரைப் பிடித்து இங்கே வைத்தார்கள், டிசம்பர் 14-ல் விட்டார்கள். கார்த்திகை மழைக் காலம். அதை விட முக்கியம், அது இன்ஃப்ளுயன்சா நாட்டையே வாரிக்கொண்டு போன வருடம். கூட்டமான, காற்றோட்டம் இல்லாத கட்டடத்தில் அந்த நோய் நுழைந்தால் என்ன ஆகும் என்பது 1918-ல் இருந்ததைப் போலவே 2020-லும் இருந்தது. சிலைக்கு மாலை போடப் போகிறவர்கள் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வரலாம்.

10.12.2024, காலை 6.30

திறப்பது, திறப்பது என்று எழுதிக்கொண்டே போகிறேன். இரவு தூக்கம் வராமல் வெலிக்கடை நினைவுக்கு வந்தது. 1983 ஜூலை 25-லும் 27-லும் கொழும்புச் சிறையில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அங்கே பூட்டியிருந்ததால் சாகவில்லை, கொல்ல வந்தவர்கள் உள்ளே போக முடிந்ததால் செத்தார்கள். ஆகவே "சீக்கிரம் திற" என்பது மட்டும் திட்டம் ஆகாது. யாருக்காக, யார் உத்தரவில், எந்தப் பிளாக்கை முதலில், திறந்தவர்களை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் திட்டம். குண்டர் சட்டத்தில் இருக்கும் இரண்டு எதிர்க் கோஷ்டிகளை ஒரே மைதானத்தில் திறந்துவிட்டால் தீயில் பிழைத்தவன் அங்கே சாவான்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் பாண்டிக்குக் கஷ்டம். 1894 சிறைச் சட்டத்தின் 7-வது பிரிவு தற்காலிகச் சிறைக்கு வழி வைத்திருக்கிறது. கூட்டம் மிஞ்சினாலோ தொற்று வந்தாலோ வேறு காரணத்தாலோ வேறு இடத்தில் காவலில் வைக்கலாம். கல்யாண மண்டபமோ கல்லூரி விடுதியோ முன்பே பார்த்துக் குறித்து வைக்கலாம். ஆனால் காலாப்பட்டில் இருந்து கடலூருக்கு இத்தனைக்கும் 35 கிலோமீட்டர் அளவுதான், அங்கே நேராக அனுப்பிவிட முடியாது. நடுவே மாநில எல்லை. கைதிகளை மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற 1950-ல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது, இரு அரசுகளின் சம்மதமும் வேண்டும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் சிறை அது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு கோப்பு நகர்ந்து சம்மதம் வருவதற்குள் புயல் ஒடிசா போய்ச் சேர்ந்திருக்கும். அக்டோபர் பிறப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் ஒரு ஒப்பந்தம் போட்டு வைத்தால் என்ன? எல்லையைப் பார்த்து மழை நின்றதில்லையே.

(டவுனுக்குள் இருந்த பழைய பிரெஞ்சு ஜெயில் இருந்திருந்தால் என்று ஒருவர் ஏங்குகிறார். நேரு வீதியில் அந்த வளாகத்தில் நான் வண்டியைத்தான் நிறுத்தியிருக்கிறேன். மழை பெய்தால் அந்த வீதியும் வாய்க்கால்.)

11.12.2024, பகல் 12.00

நெருக்கடி என்றதும் புயல், தீ, கலவரம் என்று பெரிதாகவே யோசிக்கிறோம். 2022-ல் இந்தியச் சிறைகளில் இறந்தவர்கள் 1,995. அதில் 1,773 பேர் நோயாலும் முதுமையாலும். தற்கொலை 119. அதாவது சிறையில் அடிக்கடி வரும் நெருக்கடி, இரவு இரண்டு மணிக்கு ஒருவனுக்கு நெஞ்சு வலிப்பது.

என்ன நடக்கும்? உடன் இருப்பவர்கள் கத்துவார்கள். ரோந்து வார்டர் வந்து பார்ப்பார். தலைமை வார்டருக்குச் சொல்ல வேண்டும், சாவி வர வேண்டும், மருத்துவர் வர வேண்டும், வெளியே அனுப்பு என்று அவர் எழுத வேண்டும். அதற்கப்புறம் வழிக்காவல், அதாவது கைதியோடு கூடப் போகும் போலீஸ். ஆயுதப்படையில் இருந்து ஆள் வர வேண்டும். 108 வாசலில் நிற்கும், வழிக்காவல் வந்திருக்காது. மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை, அதற்கு மேல் என்றால் கடலூர்க்காரனுக்கு ஜிப்மர், அதாவது மறுபடி எல்லை. மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம் என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் கையெழுத்திலேயே போய்விடும். முதல் அரை மணிக்குச் சிறைக் காவலரையே வழிக்காவலாக அனுப்பிவிட்டு ஆயுதப்படை நேராக ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று ஒரு நிலையான உத்தரவு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாவு நடந்தால் 24 மணி நேரத்தில் மனித உரிமை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். 1993-ல் இருந்து அப்படித்தான். சாவைச் சொல்லக் கெடு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவும் ஒரு கெடு வைக்கலாம்.

14.12.2024, இரவு 8.30

வார்டர் ஒருவரின் மகள் எழுதியிருக்கிறார்: "எல்லாரும் கைதியைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் அப்பா தானே புயல் சமயத்தில் வீட்டுக்கு வந்தது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை." நியாயம். ரோட்டில் மரம் விழுந்தால் அடுத்த ஷிப்ட் வராது. உள்ளே இருக்கிறவரே அடுத்த ஷிப்டும் பார்க்க வேண்டும். அவர் வீட்டு ஓடும் பறந்திருக்கும், அவருக்கும் செய்தி வராது. சிறையை ஒட்டிக் குடியிருப்பு இருப்பதில் இந்த ஒரு நன்மை உண்டு, ஆள் நடந்தே வரலாம். அதிலும் ஒரு கெடுதல்: 2022 ஆகஸ்டில் கேப்பர் மலைக் குடியிருப்பில் உதவி ஜெயிலர் ஒருவர் வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். உள்ளே கண்டிப்பாக இருந்தால் வெளியே குடும்பத்துக்கு வரும். திட்டத்தில் குடியிருப்பும் இருக்க வேண்டும், சுவரோடு நிற்கக் கூடாது.

கலவரமோ தற்கொலையோ பார்த்த வார்டரை மறுநாள் காலை அதே பிளாக்கில் டூட்டி போடுகிறார்கள். கயிற்றை அறுத்து இறக்கிய கை அது. ஒருவர் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, "அந்த ஃபேனை வேற ரூமுக்கு மாத்திக் குடுங்க சார்" என்றார். ஃபேனில் பழுது எதுவும் இல்லை. மாற்றிக் கொடுத்தேன்.

14.12.2024, இரவு 8.50

இல்லை, மின்வாரியத்தில் இல்லை. பொதுப்பணித் துறை. உங்கள் வீட்டு மீட்டர் பிரச்சினைக்கு நான் பொறுப்பில்லை. மூன்றாவது ஆள் கேட்டாகிவிட்டது.

12.09.2025, காலை 10.15

ஒன்பது மாதம் கழித்து இதை மறுபடி மேலே கொண்டுவந்திருக்கிறார்கள், நேபாளத்தால். போராட்டத்தில் நாடு முழுக்கச் சிறைகள் உடைந்து 13,000 பேருக்கு மேல் வெளியே. "பார்த்தீர்களா, தப்பாமல் பார்ப்பதுதான் முதல் வேலை" என்கிறார் கேள்வி கேட்டவர். ஒத்துக்கொள்கிறேன், அது வேலைதான். நமக்கும் 1995 ஆகஸ்ட் 15 இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் இருந்து புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டிப் போனார்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். வேலூரில் தப்பியது பொறுமையாகத் தோண்டி, கணக்கெடுப்புக்கு மசிந்துகொடுத்து. நேபாளத்தில் ஊரே நிலைகுலைந்து, வெளியில் இருந்து கூட்டம் வந்து, காவலர் எண்ணிக்கை எதற்கும் போதாமல் போனது. முதலாவதற்கு மருந்து தினமும் தரையைத் தட்டிப் பார்ப்பது. இரண்டாவதற்கு மருந்து, வெளியே இருக்கும் போலீஸ், தீயணைப்பு, கலெக்டர் ஆபீஸ் ஆகிய மூன்றோடும் முன்பே ஒத்திகை பார்த்து வைத்திருப்பது. அலாரம் அடித்தால் வார்டர்கள் ஓடிவந்து வரிசையில் நிற்கும் ஒத்திகை வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து உண்டு. வெளித் துறைகளும் சேர்ந்து, அதுவும் இரவில், மழையில், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுச் செய்த ஒத்திகை ஒன்றைக்கூட என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. சுவிட்சை இறக்கச் சொல்லியிருந்தால் என்னைத்தானே கூப்பிட்டிருப்பார்கள்.

15.09.2025, மாலை 5.40

கேள்வி கேட்டவரே இப்போது தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் போகிறாராம், எப்படி எழுதுவது என்று கேட்கிறார். நல்லது. சிறைத் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். வரைபடம், சாவி எண்ணிக்கை, எந்த நேரத்தில் எத்தனை காவலர் என்று கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லி மறுப்பார்கள், மறுப்பதும் சரி. கேட்க வேண்டியது வேறு. கடைசியாகத் தீயணைப்புத் துறையோடு சேர்ந்து ஒத்திகை நடந்த தேதி. தீயணைப்பான்களுக்குக் கடைசியாக மருந்து மாற்றிய தேதி. ஜெனரேட்டரைச் சுமையோடு ஓட்டிச் சோதித்த தேதி. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி துறை வைத்திருக்க வேண்டிய திட்டம் கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு. எல்லாம் தேதிதான், ரகசியம் எதுவும் இல்லை. காலாப்பட்டு நண்பர் இதையே பாண்டிக்குத் தனியாகப் போட வேண்டும், கட்டண முறையை அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். இன்றே போட்டால் முப்பது நாளில் பதில் வரும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில்.